தாடையில் ஒரு ஜன்னல்

போன வாரம் இளம் பல் மருத்துவர்களான உங்களில் ஒருவர் போனில் கேட்டார்: "மேடம், தாடை நீர்க்கட்டிக்குச் சின்ன ஆபரேஷன் நல்லதா, பெரிய ஆபரேஷன் நல்லதா? சுருக்கமா ஒரு வரியில சொல்லுங்க." ஒரு வரியில் சொல்லத் தெரிந்திருந்தால் நான் இத்தனை வருஷம் கோவில்பட்டியில் பல் வைத்திய நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று கால் வீங்கியிருக்க மாட்டேன். போனை வைத்த பிறகு கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். கேள்வி போகவில்லை. கேட்டவர் ஒருவர்தான், ஆனால் அந்தக் கேள்வியோடு எங்கெங்கோ எத்தனை பேர் இப்போது எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்களோ என்று நினைத்ததும் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

பாடப் புத்தகத்தில் இருப்பதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஆனாலும் புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. தாடை எலும்புக்குள் சத்தமில்லாமல் ஒரு பை உருவாகி, நீர் கோத்து, எலும்பைத் தள்ளித் தள்ளித் தனக்கு இடம் பண்ணிக்கொள்கிறது. அதற்குப் பழைய வழி, ஈறைக் கீறி, எலும்பைத் திறந்து, பையை வேரோடு தோண்டி எடுப்பது. ஒரே நாளில் வேலை முடியும். இன்னொரு வழி, பையில் ஒரு சின்ன ஜன்னல் வைத்து, அது மூடாதபடி அடைப்பு ஒன்றைப் பொருத்தி, தினம் கழுவிக் கழுவி, உள்ளே இருக்கிற அழுத்தத்தை இறக்கிவிட்டுக் காத்திருப்பது. பை சுருங்கும், எலும்பு தானாக வளர்ந்து வரும். பிறகு மிச்சத்தைச் சிறிதாக எடுத்துவிடலாம். கேட்பதற்கு இரண்டாவது வழி இனிக்கும். காத்திருக்கிற மாதங்களில் தூக்கம் கெடுவது உங்களுக்குத்தான்.

எனக்குப் பொறுமை கிடையாது. இட்லி வெந்துவிட்டதா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தே இட்லியைக் கெடுக்கிற ரகம் நான். எனக்குத் தொழில் கற்றுத் தந்த பேராசிரியரும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்கிற ஆள். "உள்ளே ஒரு இழை தோலை விட்டுட்டு வந்தாலும் அது வளர்ந்து உன்னைத் தேடி வரும். எடுத்தா முழுசா எடு" என்பார். அவர் கையில் கட்டி முழுசாக, கிழியாமல், உரித்த நுங்கு மாதிரி வெளியே வரும். நாங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்போம். அப்படிப்பட்டவரிடம் படித்து வந்த எனக்குத்தான் சண்முகவேல் அண்ணாச்சி வந்து சேர்ந்தார்.

தொண்ணூறுகளின் பின்பாதி. கோவில்பட்டியில் சண்முகவேலின் முகத்தைத் தெரியாதவர்கள் இருந்திருக்கலாம், குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. மைக் செட் வைத்திருந்தார். ஆட்டோவின் மேலே இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டு ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் கொடைத் திருவிழா, கட்சிக் கூட்டம், காணாமல் போன குழந்தை என்று எல்லாவற்றையும் அவர்தான் சொல்வார். பாட்டு கேசட் போடுகிற மைக் செட்காரர்கள் நிறைய இருந்தார்கள். பேசுகிற மைக் செட்காரர் அவர் ஒருவர்தான். கூலிக்கு ஆள் வைத்துப் பேச வைக்க மாட்டார். "குரல் நம்ம குரலா இருக்கணும்லா" என்பார்.

கடைவாய்ப்பல் ஆடுகிறது என்று வந்தார். பல்லை மட்டும் பார்த்துப் பிடுங்கி அனுப்பியிருக்கலாம். வலது கன்னத்தின் அடியில் விரலை வைத்தேன், எலும்பு லேசாக அமுங்கியது. முழுத் தாடையும் ஒரே படத்தில் தெரிகிற எக்ஸ்ரே அப்போது எங்கள் ஊரில் கிடையாது. திருநெல்வேலிக்கு பஸ் ஏற்றி அனுப்பினேன். படத்தில் ஞானப்பல் இருக்கிற இடத்திலிருந்து முன்பல் பக்கம் வரை ஒரே கறுப்பு. தாடையின் அடி விளிம்பு முட்டை ஓடு போல ஒரு கோடாக நின்றது.

"வலியே கெடையாது டாக்டரம்மா. எதுக்கு இவ்ளோ பெரிய படம் எடுக்கச் சொன்னீங்க?" என்றார்.

சொன்னேன். முழுசாகத் தோண்டி எடுத்தால் அந்த மெல்லிய எலும்பு உடையலாம். கீழ்த்தாடைக்குள் ஓடுகிற நரம்பு கட்டியின் மேல் படிந்து கிடக்கிறது, அதற்கு அடிபட்டால் வலது பக்கம் கீழுதடு நிரந்தரமாக மரத்துப் போகலாம்.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "முன்ன ஒரு தடவ பல்லு பிடுங்க ஊசி போட்டுக்கிட்டு நேரா ஒரு கடை தெறப்பு விழாவுக்குப் போயிட்டேன். உதடு இருக்கா இல்லையான்னு தெரியல. எச்சி ஒழுகுது, வார்த்தை வழுக்குது. கடைக்காரர் மைக்க வாங்கி வச்சிட்டாரு. அன்னிக்கி ஒரு பொழுதுக்கே எனக்கு மானம் போச்சு. அத ஆயுசு முழுக்கவா சொல்லுதீங்க?"

அவர் இழக்கக்கூடியது என்ன என்று எனக்கு அந்த நிமிடம் விளங்கிவிட்டது. ஜன்னல் வைத்துவிடலாம் என்றேன்.

அவர் மனைவி கோமதி தீப்பெட்டி செய்கிற ஆபீஸில் வேலை பார்க்கிறவர். ஒரு வார்த்தையையும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில் கேட்டார்: "புண்ணுன்னா மூடத்தான செய்யணும்? நீங்க ஓட்டையப் போட்டுட்டு அது மூடவே கூடாதுங்கீங்க. எனக்குப் புரியல டாக்டரம்மா."

நியாயமான கேள்வி. வெளியே மூடினால் உள்ளே மறுபடி நீர் கோத்து வீங்கும், உள்ளே மூடிக்கொண்டு வருகிற வரை வெளியே திறந்திருக்க வேண்டும் என்றேன். தலையை ஆட்டினார். முகத்தில் சந்தேகம் அப்படியே இருந்தது.

ஜன்னல் வைத்தேன். எடுத்த துணுக்கைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். இதை ஒருநாளும் தவறவிடாதீர்கள், ஜன்னல் வைத்துவிட்டு உள்ளே இருப்பது என்னவென்று தெரியாமல் காத்திருப்பது வைத்தியம் இல்லை. புற்று இல்லை என்று பதில் வந்தது, ஆனால் திரும்பத் திரும்ப வளரக்கூடிய வகை. செட்டுப்பல் செய்கிற பிளாஸ்டிக்கில் ஒரு பிளக் செய்து, உள்ளே விழுந்துவிடாமல் இருக்க இரண்டு பக்கமும் காது மாதிரி விளிம்பு வைத்துப் பொருத்தினேன். சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றி, கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து உள்ளே அடித்துக் கழுவ வேண்டும். தெருக்குழாயில் தண்ணீர் வராத வாரங்களிலும் கோமதி அவர் வாய்க்கென்று தனியாக ஒரு செம்பு தண்ணீர் எடுத்து மூடி வைத்துவிடுவார். எங்கள் ஊர்க் கோடையில் அது சாதாரண விஷயம் இல்லை.

முதல் சில மாதங்கள் ஒழுங்காகப் போயின. எக்ஸ்ரேயில் கறுப்பின் ஓரம் புகை படிந்த மாதிரி வெளுக்கத் தொடங்கியது. நல்ல அடையாளம்தான். ஆனாலும் ஒவ்வொரு முறை அவர் வாயைத் திறக்கும்போதும் என் கை அரித்தது. இப்போதே திறந்து எடுத்துவிட்டால் என்ன? எதற்கு இந்தக் காத்திருப்பு? அவர் போன பிறகும் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்பேன். அடுத்த நோயாளி இருமிக் காட்டினால்தான் திரும்புவேன்.

அந்த நேரம் பார்த்துத் தேர்தல் வந்தது.

சண்முகவேல் வருவது நின்றது. குரல் மட்டும் வந்தது. காலையில் எங்கள் தெரு, மத்தியானம் பஸ் நிலையப் பக்கம், சாயங்காலம் கடம்பூர் ரோடு. ஒரு வேட்பாளருக்காகத் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஆட்டோ கிளினிக் வாசலைத் தாண்டும்போது நான் மாடி வராண்டாவுக்கு ஓடிப்போய், "அண்ணாச்சி! ஏ அண்ணாச்சி!" என்று கத்தினேன். ஊருக்கே கேட்கிற ஒலிபெருக்கிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவர் காதில் என் குரல் எப்படி விழும்? கையை ஆட்டினேன். பார்த்துவிட்டார். அடுத்த நொடி தெரு முழுக்கக் கேட்டது: "மாடியிலேருந்து கையசைத்து ஆதரவு தெரிவிக்கும் நமது டாக்டரம்மாவுக்கு நன்றி, நன்றி, நன்றி! ஓட்டு முடிஞ்சதும் வாரேன்!"

கீழே டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். உள்ளே வந்து கையைக் கழுவும்போதுதான் உறைத்தது. அவர் பேச்சு துல்லியமாக இருந்தது. பிளக் போட்ட நாளிலிருந்து அவர் பேச்சில் ஒரு சின்ன எச்சில் சத்தம் இருக்கும், கிளினிக்கில் பேசும்போது நான் கேட்டிருக்கிறேன். அது இப்போது இல்லை. அப்படியானால் பிளக் வாயில் இல்லை. ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினேன். வீட்டுக்கும் சொல்லி அனுப்பினேன். "வாரேன்னு சொன்னாரு" என்றுதான் பதில் வந்தது. அந்த நாட்களில் ஒலிபெருக்கிச் சத்தம் தூரத்தில் கேட்டாலே எனக்கு வேலை ஓடாது.

ஓட்டுப்பதிவு முடிந்து அவரைக் கோமதிதான் இழுத்துக்கொண்டு வந்தார். வலது கன்னம் வீங்கிப் பளபளவென்று இருந்தது. காய்ச்சல். வாய் ஒரு விரல் நுழையத்தான் திறந்தது. கோமதி கோபமும் பயமுமாகக் கொட்டித் தீர்த்தார்.

"அந்த பிளக்கு மூடிய முழுங்கிட்டாராம் டாக்டரம்மா! பேசும்போது அது வேண்டாம்னு கழத்திக் கழத்திச் சட்டப் பையில போட்டுக்கிடுதாரு. ராத்திரி வந்து மாட்டுனா உள்ள போகமாட்டேங்கு, ஓட்டை சுருங்கிட்டு. வந்து உங்ககிட்ட சொல்ல வேண்டியதுதான? ஆம்ப்ளிஃபயர்ல ஈயம் பத்தவைக்கிற கம்பி இருக்குல்லா, அதச் சூடு பண்ணி அந்த மூடியச் சுத்தி உருக்கிச் சின்னதாக்கி மாட்டுனாரு. மறுக்கா சுருங்குது, மறுக்கா உருக்குதாரு. கேட்டா, 'இத்தன வருசம் மைக்கு ரிப்பேர் நாந்தான பாக்கேன், இது என்ன பெரிய வித்தையா'ங்காரு."

சண்முகவேல் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் திட்ட வந்த வாய் நின்றுவிட்டது. உள்ளே விழாமல் தடுக்கத்தான் நான் காது வைத்திருந்தேன். அவர் முதலில் உருக்கியது அந்தக் காதுகளைத்தான்.

இப்போது நான் நின்ற இடத்தில் உங்களை நிறுத்திப் பாருங்கள். பிளக் எங்கே? வயிற்றுக்குப் போயிருந்தால் பயமில்லை, தானே போய்விடும். மூச்சுக்குழாய்க்குப் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து. எக்ஸ்ரே எடுத்தாலும் அந்தப் பிளாஸ்டிக் படத்தில் தெரியாது. தாடைக்குள்ளேயே விழுந்திருந்தால், ஓட்டை மூடி, சீழ் பிடித்து, இதோ இந்த வீக்கம்.

"முழுங்குனது தொண்டையில தெரிஞ்சுதா அண்ணாச்சி? உறுத்துச்சா? இருமுனீங்களா?"

இல்லை என்று தலையசைத்தார். "தண்ணி குடிக்கையில போயிருக்கும்" என்று பல்லுக்குள்ளேயே சொன்னார்.

போயிருக்கும். போயிற்று என்று அவர் சொல்லவில்லை. வாயில் காணவில்லை, அதனால் முழுங்கியிருப்பேன் என்று அவரே முடிவு கட்டியிருக்கிறார். நோயாளி பார்த்ததைச் சொல்கிறாரா, ஊகித்ததைச் சொல்கிறாரா என்பதைப் பிரித்துக் கேளுங்கள். அவசரத்தில் இரண்டும் ஒரே மாதிரி காதில் விழும். பக்கத்து நர்சிங் ஹோமின் பொது மருத்துவரை வரவழைத்து நெஞ்சில் குழல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் மூச்சு சுத்தமாக இருந்தது. நம்பிக்கை கொஞ்சம் வந்தது.

பேராசிரியருக்கு போன் போட்டேன். நடந்ததைச் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார். "எடுத்தா முழுசா எடுன்னு நீ படிக்கிறப்பவே சொன்னேன். சொல் பேச்சுக் கேட்காத ஆளுக்கு இந்த வைத்தியம் ஒத்து வராது. காய்ச்சல் இறங்கினதும் அனுப்பி வை, முழுசா எடுத்துடறேன். தாடை உடைஞ்சா தகடு வச்சுக் கட்டிடலாம்." உதடு என்ன ஆகும் என்று கேட்டேன். "உதடு மரத்தா பழகிக்குவான். கட்டி மிச்சம் இருந்தா பழக முடியாது" என்றார்.

அவரைக் கல்நெஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். ஊரெல்லாம் அரைகுறையாகப் பார்த்துவிட்டு அனுப்பிய கட்டிகளைக் கடைசியில் அவர்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவர் சொன்னது நியாயம். நர்சிங் ஹோமில் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரும், "மேடம், கெட்ட பேரு உங்களுக்கு எதுக்கு? அனுப்பி விட்டுருங்க" என்றார். அதுவும் நியாயம். என் கைக்கும் அதுதான் வேண்டியிருந்தது. முழுசாக எடுத்து, மூடி, தையல் போட்டு, இந்தக் கதையை முடித்துவிடலாம். அன்றைக்கு எல்லோருடைய அவசரமும் ஒரே பக்கமாக இழுத்தது. அப்படி இழுக்கும்போதுதான் எனக்குப் பயம் வரும்.

முதலில் காய்ச்சலுக்கும் சீழுக்கும் ஊசி மருந்து தொடங்கினேன். பழைய எக்ஸ்ரேயையும், அன்றே அவரைத் திருநெல்வேலிக்குக் காரில் அனுப்பி எடுத்து வரச் சொன்ன புதியதையும் ஜன்னல் கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். போனேன், வந்தேன், மறுபடி பார்த்தேன். அடி விளிம்பு முன்பு கோடாக இருந்த இடம் இப்போது பட்டையாக இருந்தது. அவர் அத்தனை கோணங்கித்தனம் பண்ணியும் எலும்பு வளர்ந்திருந்தது. நரம்பு ஓடுகிற பாதைக்கும் கட்டிக்கும் நடுவே ஒரு வெள்ளைச் சாயல் விழத் தொடங்கியிருந்தது. கெட்டுப்போனது பிளக். வைத்தியம் கெடவில்லை. பழியைப் பிளக்கின் மேல் போடாமல் வைத்தியத்தின் மேல் போட்டுத் தாடையைத் திறந்தால், வளர்ந்துகொண்டிருக்கிற எலும்பையும் சேர்த்துக் கெடுப்பேன். மூடிய ஜன்னலை மட்டும் திறப்பது, பிளக் கிடைத்தால் எடுப்பது, வேறு எதையும் தொடாமல் வெளியே வந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

பேராசிரியரிடம் சொன்னபோது, "உன் இஷ்டம்" என்றார். அந்த இரண்டு வார்த்தையைத் தாங்குவது பெரிய ஆபரேஷனைவிடக் கஷ்டம்.

மறுநாள் காலையில் வாய் இன்னும் கொஞ்சம் திறந்தது. ஜன்னல் இருந்த இடத்தில் ஒரு ஊசித்துளைதான் மிச்சம். விரித்தேன். சீழ் வந்தது, நாற்றம் அறையை நிறைத்தது, நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உறிஞ்சி எடுத்துவிட்டு மெல்லிய கம்பியை உள்ளே விட்டுத் தடவினேன். எலும்பு, எலும்பு, வழவழப்பான தோல், மறுபடி எலும்பு. இல்லை. நெஞ்சு சுத்தமாக இருந்ததா, இல்லை அப்படி இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேனா? கம்பியை மேல் மூலைக்குத் திருப்பினேன். டொக்கென்று வேறு மாதிரி ஒரு தட்டல். எலும்பு அப்படிப் பேசாது. இடுக்கியில் பிடித்து வெளியே எடுத்தபோது, ஓரமெல்லாம் கருகிய, பாதி நிலக்கடலை அளவு பிளாஸ்டிக்.

இப்போது திட்டினேன். சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. "ஏன் அண்ணாச்சி, உங்க தாடை என்ன ஆம்ப்ளிஃபயரா? ஈயம் பத்தவச்சு ரிப்பேர் பண்ணுதீங்களா?"

கண்ணில் தண்ணீர் நின்றது அவருக்கு. வலியா வெட்கமா தெரியவில்லை. "அத மாட்டிக்கிட்டா நாக்குல தட்டுது டாக்டரம்மா. எச்சி ஊறுது. நேர்ல பேசுனா தெரியாது. மைக்குல சளப்பு சளப்புன்னு கேக்கு. வேற ஆளப் பேசச் சொல்லுவமான்னு கட்சிக்காரவிய என் முன்னாடியே பேசிக்கிட்டாவ. நான் என்ன செய்ய?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க உசிரு போகுத காரியம்னு பேசுதீங்க. நான் போயி மைக்குல சத்தம் வருதுன்னு சொன்னா சிரிக்க மாட்டீங்களா?"

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல இவ்வளவு தூரம் வந்தேன். சின்ன ஆபரேஷன் என்று நாம் சொல்கிறோமே, அது நமக்குத்தான் சின்னது. கத்தி செய்ய வேண்டிய வேலையை எடுத்து நோயாளியின் தலையில் வைக்கிறோம். தினமும் கழுவ வேண்டியது அவர், நாற்றத்தைப் பொறுக்க வேண்டியது அவர், அதை வாயில் வைத்துக்கொண்டு பிழைப்பைப் பார்க்க வேண்டியது அவர். அதனால் முறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் எக்ஸ்ரேயைப் பார்க்கிற அளவு அந்த ஆளின் ஒரு நாளையும் பாருங்கள். எப்போது சாப்பிடுகிறார், எங்கே கழுவுவார், வேலையில் வாய்க்கு என்ன வேலை. ஒத்து வராது என்று தெரிந்தால் தயங்காமல் பெரிய ஆபரேஷனே செய்யுங்கள். அது தோல்வி இல்லை.

காய்ச்சல் இறங்கிய பிறகு சண்முகவேல் என்னிடம் கெஞ்சினார். "முழுசா எடுத்து விட்டிருங்க. உதடு போனா போகட்டும். இந்த ஓட்டைய வச்சுக்கிட்டு என்னால ஒரு எடத்துல இருக்க முடியல. வெட்டுனா விடிஞ்சிரும்."

கோமதி குறுக்கே வந்தார். "உதடு போனா போகட்டுமாம்ல! பெறவு வீட்டுல உக்காந்து யார்கிட்ட மைக்கு பிடிக்கப் போறீய? ஒரு நா பேசாம இருந்தாலே கிறுக்குப் பிடிச்ச மாதிரி அலையுதீய."

எனக்கு ஒரு யோசனை வந்தது. "அண்ணாச்சி, உங்க மைக்கையும் பெட்டியையும் இங்கன தூக்கிட்டு வாங்க" என்றேன்.

மறுநாள் என் கிளினிக்கில் ஆம்ப்ளிஃபயர் வந்து இறங்கியது. ஒலிபெருக்கியை மாடி வராண்டாவில் வைத்தார். கெட்டியான பிளக்குக்குப் பதிலாக மெல்லிய ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றை ஜன்னலில் வைத்து, கழற்ற முடியாதபடி பக்கத்துப் பல்லோடு கம்பியால் கட்டினேன். "பேசுங்க" என்றேன். "ஜவுளி வாங்கும் பெருமக்களே" என்று தொடங்கினார். வெளியே சளப்பென்று கேட்டது. குழாயின் நுனியைக் கொஞ்சம் நறுக்கினேன். "பேசுங்க." "ஆடித் தள்ளுபடி, ஆடித் தள்ளுபடி." இன்னும் கேட்டது. நாக்கில் தட்டாமல் கன்னப் பக்கம் சரித்துக் கட்டினேன். பல்வலியோடு காத்திருந்தவர்கள் வலியை மறந்து சிரித்தார்கள். கீழே டீக்கடையிலிருந்து ஒருவர், "டாக்டரம்மா, எந்தக் கடையில தள்ளுபடி?" என்று கேட்டார். நறுக்கி, சரித்து, மறுபடி நறுக்கி, கடைசியில் அவரே கையைத் தூக்கினார். "இப்பம் சுத்தமா கேக்கு."

அந்தக் குழாயை அவர் கழற்றவில்லை. கழற்ற முடியாது என்பது ஒரு காரணம். கழற்ற வேண்டிய தேவை இல்லை என்பது பெரிய காரணம். குழாய் வழியாகவே கழுவினார். ஆட்டோவில் ஒரு பாட்டில் உப்புத் தண்ணீர் எப்போதும் இருந்தது. கொடை சீசன் போனது, தீபாவளித் துணி சீசன் போனது, மழை பெய்து கரிசலில் பருத்தி வெடித்தது. நான் படம் படமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு படத்தையும் எடுக்கச் சொல்லிவிட்டு அது வந்து சேரும் வரை எனக்குச் சோறு இறங்காது. கறுப்பு சுருங்கி, சுருங்கி, ஞானப்பல் பக்கம் ஒரு நெல்லிக்காய் அளவில் வந்து நின்றது. இதற்கு மேல் சுருங்காது என்று தெரிந்ததும் மிச்சத்தை எடுத்துவிட நாள் குறித்தேன்.

ஊசி போட்டு மரத்துப்போக வைத்தே செய்தேன். வாய்க்குள் ஒரு சின்னக் கீறல்தான். பை உரிந்து வந்தது, நல்ல எலும்பின் மேல் வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு இடத்தில் நரம்பின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கே மட்டும் என் கை வேறு ஆளின் கையாக மெதுவாக வேலை செய்தது. நரம்பு அறுபடவில்லை, அது நிச்சயம். ஆனால் உரிக்கும்போது லேசாக இழுபட்டது. இழுபட்ட நரம்பு விழிக்கலாம், விழிக்காமலும் போகலாம். அதை யாரும் சொல்ல முடியாது.

"உதடு மரத்திருக்கு, கொஞ்ச நேரத்துல சரியாயிரும். அதுவரைக்கும் சூடா எதுவும் குடிச்சிராதீங்க. மரத்த உதட்டுல சூடு பட்டாத் தெரியாது, வெந்துபோகும்" என்று சொல்லி வெளியே பெஞ்சில் உட்கார வைத்தேன்.

மத்தியானம் போய் ஊசி முனையால் உதட்டைத் தொட்டேன். "தெரியுதா?" தெரியவில்லை என்றார். சரி, மருந்து இன்னும் இருக்கும். கொஞ்சம் கழித்து மறுபடி. இடது பக்கம் தெரிந்தது, வலது பக்கம் இல்லை. உள்ளே வந்தேன், ஒரு நோயாளியைப் பார்த்தேன், என்ன பார்த்தேன் என்று நினைவில்லை. வெயில் இறங்கியது. மருந்து இறங்கியிருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. மறுபடி போனேன். இல்லை. சண்முகவேல் என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்குள்ள வந்துரும்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. இவ்வளவு மாதம் இந்த மனிதரைக் காக்க வைத்து, முதலிலேயே நடந்திருக்கக்கூடிய அதே இடத்தில் கொண்டு வந்து நிறுத்திவிட்டேனா? அறைக்குள் நடந்தேன். கருவிகளை அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன்.

அப்போது வெளியே சத்தம்.

"ஏலே, டீயா இது? கொதிக்க கொதிக்கக் கொண்டாந்து குடுக்க! உதட்டப் பொசுக்கிட்டியேல!"

கை உறையோடு ஓடினேன். பெஞ்சில் சண்முகவேல் டீத் தம்ளரோடு உட்கார்ந்திருந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர் எதிரே திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் சண்முகவேல் தம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"கோவப்படாதீங்க டாக்டரம்மா. பசி பொறுக்கல, ஒரு வாய்தான் குடிச்சேன்."

"எங்க சுட்டுச்சு?"

"உதட்டுலதான்."

"எந்தப் பக்கம்?"

ஆள்காட்டி விரலைக் கீழுதட்டின் வலது ஓரத்தில் வைத்தார். "இங்கன. சுரீர்னு எரியுது. ஏன் டாக்டரம்மா, அழுதீங்களா?"

சூடாக எதுவும் கூடாது என்று சொன்ன டாக்டர் நான்தான். தையல் போட்ட கை இதுதான். இருந்தாலும் என் வாயில் அந்த நேரம் ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

"அண்ணாச்சி, இன்னொரு வாய் குடிங்க."